முனையத் தொடக்கக் கட்டளை

முனையத் தொடக்கக் கட்டளை என்பது, கணினியில் முனையப் போன்மி திறக்கப்பட்டவுடன், பயனர் எதையும் தட்டச்சு செய்யாமலேயே இயங்கத் தொடங்கும் நிரலைக் குறிக்கும். 1978 இல் வெளியான விடி100 போன்ற, திரையும் விசைப்பலகையும் கொண்ட பழைய முனையங்களை மென்பொருள் வடிவில் போலச்செய்வதால் இதற்குப் போன்மி என்று பெயர்.

தமிழ்நாட்டு அரசு 2011 இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றுள் பலவற்றில், விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. விழுப்புரம் - புதுச்சேரி சாலையிலுள்ள கண்டமங்கலம் போன்ற ஊர்களின் மாணவர் ஒருவருக்கு வீட்டிலுள்ள ஒரே கணினி அதுவாகவே இருக்கக்கூடும். ஆகவே இவ்வமைப்பில் நேரும் சிறு பிழையும் அவருக்குப் பெரிதாகும்.

இயங்கும் முறை

போன்மி ஒரு சாளரம் மட்டுமே. அதனுள் கட்டளைகளை ஏற்று நிறைவேற்றுவது ஷெல் என்னும் நிரல். லினக்சில் பெரும்பாலும் இது 1989 இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் ஆகும். (பாஸ் வேறு, பாஷ் வேறு, ஒலிப்பு ஒற்றுமையால் மயங்க வேண்டியதில்லை.)

போன்மியின் விருப்பங்களில், ஷெல்லுக்குப் பதிலாக வேறொரு நிரலை இயக்குமாறு அமைக்கலாம். குனோம் முனையத்தில் இவ்வசதி உண்டு. அந்நிரல் முடிந்ததும் சாளரமும் மூடிக்கொள்ளும் என்பதால், விடையை மட்டும் அச்சிட்டு முடியும் நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். நிரல் முடிந்த பின்னும் சாளரத்தைத் திறந்தே வைக்கும் தெரிவை உடன் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்றொரு இடம், பயனரின் இல்ல அடைவில் உள்ள '.பாஷ்ஆர்சி' கோப்பு. (பாஷ் என்பதன் பின் ஆர், சி என்னும் ஆங்கில எழுத்துகள், முன்னுள்ள புள்ளி கோப்பை மறைத்துவைக்கும்.) புதிய சாளரமோ தத்தலோ திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் பாஷ் இதைப் படிக்கிறது. டெபியன் வழிக் கணினிகளில் இக்கோப்பின் தொடக்கத்தில், பயனர் நேரடியாகப் பயன்படுத்தாத ஷெல்லாயின் மேலே படிக்காமல் திரும்பச் செய்யும் வரிகள் உள்ளன. நமது கட்டளைகளை அவற்றிற்குக் கீழேயே எழுத வேண்டும். மேலே எழுதி, அவை திரையில் ஏதேனும் அச்சிட்டால், பிணையம் வழியான கோப்புப் பரிமாற்றம் பழுதாகலாம்.

முடிவிலாச் சாளரங்கள்

புதியவர்கள் அடிக்கடி சிக்கும் இடம் இது. இன்னொரு முனையச் சாளரத்தைத் திறக்கும் கட்டளையை இக்கோப்பில் எழுதினால், திறக்கும் சாளரமும் அதே கோப்பைப் படித்து மேலுமொன்றைத் திறக்கும். நினைவகம் நிரம்பிக் கணினி உறையும் வரை இது நிற்காது. கட்டளையில் பிழையில்லை, எழுதிய இடமே தவறு. புகுபதிகையின்போது ஒருமுறை மட்டும் திறக்க வேண்டியவற்றைப் பணிமேசையின் தானியங்கித் தொடக்கப் பட்டியலில் சேர்ப்பதே முறை.

சிக்கிவிட்டால் இயக்குதளத்தை மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. கணினியை மறுதொடக்கம் செய்து, முனையத்தைத் திறக்காமல் கோப்பு மேலாளரைத் திறக்க வேண்டும். பல மேலாளர்களில் கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மறைந்த கோப்புகள் தெரியும். '.பாஷ்ஆர்சி' கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து, தவறான வரியின் முன் # குறியிட்டுச் சேமித்தால், பாஷ் அவ்வரியைக் குறிப்பாகக் கருதி விட்டுவிடும்.