பிள்ளையை மொண்டிசோரியில் சேர்க்கப் போகிறீர்களா? பெற்றோர் கேட்கும் கேள்விகளும் எமது பதில்களும்



பிள்ளைக்கு மூன்று வயதானதும் லயத்தில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். டவுன் மொண்டிசோரிக்கு அனுப்புவதா, தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலேயே விடுவதா? பெற்றோர் எம்மிடம் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மொண்டிசோரி என்றால் என்ன?

அது ஒரு அம்மையாரின் பெயர். மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர், டாக்டருக்குப் படித்தவர். 1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருந்த ஒரு கட்டிடத்தில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் பார்க்க ஆளில்லாமல் திரிந்த பிள்ளைகளுக்காகத்தான் அது தொடங்கப்பட்டது. ஆகவே இது பணக்காரப் பிள்ளைகளுக்கென்று உண்டானதல்ல. நம்மைப் போன்ற உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து பிறந்த முறை. அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைமாருக்குப் பயிற்சி கொடுத்தார். 1944இல் இலங்கைக்கும் வந்தார்.

போர்டில் மொண்டிசோரி என்று இருந்தால் போதுமா?

போதாது. நம் நாட்டில் முன்பள்ளி எல்லாவற்றையுமே மொண்டிசோரி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். போர்டைப் பார்க்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான மொண்டிசோரியில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். சாமான்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். பிள்ளை தானே எடுத்து, செய்து, திரும்ப அதே இடத்தில் வைக்கும். டீச்சர் கூட்டமாக வைத்துக் கத்திச் சொல்லிக் கொடுக்க மாட்டார். பக்கத்தில் இருந்து கவனிப்பார். முன்பள்ளிகளைப் பதிவு செய்வது மாகாணத்தின் பொறுப்பு. பதிவு இருக்கிறதா, டீச்சர் பயிற்சி பெற்றவரா என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

தண்ணி ஊத்துறதும் கூட்டுறதும் ஒரு படிப்பா?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு கூஜாவிலிருந்து கோப்பைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையின் கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யப் பழகுகின்றன. பட்டன் பூட்டும் விரல்தான் பிறகு பென்சில் பிடிக்கப் போகிறது. சொரசொரப்பான கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவி, அதன் சத்தத்தைச் சொல்லும். 10 சென்ரிமீற்றரிலிருந்து 1 மீற்றர் வரை நீளமான பத்துக் கோல்களை வரிசையாக அடுக்கி எண்ணப் பழகும். மூன்று வயதிலேயே கொப்பி நிறைய "அ, ஆ" எழுத வைத்தால்தான் படிப்பு என்று நினைக்காதீர்கள். விரல் பலப்படுமுன் எழுத வற்புறுத்தினால் பிள்ளைக்கு எழுத்தே வெறுத்துப் போகும்.

இங்கிலீஷ் மீடியம் நல்லதுதானே?

இங்கிலீஷ் பாட்டும் நாலு வார்த்தையும் படித்தால் சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் பேசும் தமிழில்தான் இந்த வயதுப் பிள்ளை யோசிக்கிறது. பசி, வயிற்றுவலி, பயம் எல்லாவற்றையும் அதில்தான் சொல்லும். தமிழ் தெரியாத டீச்சரிடம் விட்டால் பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு முதலாம் தரத்தில் தமிழில் படிக்கப் போகிற பிள்ளைக்குத் தமிழ் அத்திவாரம்தான் முதலில் வேண்டும்.

மொண்டிசோரிக்குப் போகாட்டி முதலாம் தரத்துல எடுக்க மாட்டாங்களா?

இது வீண் பயம். அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையில் சேர உரிமை உண்டு. முன்பள்ளி சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனாலும் முன்பள்ளிக்குப் போன பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பழகி, டீச்சர் சொல்வதைக் கேட்டுப் பழகியிருக்கும். அதனால் முதல் நாள் மிரளாது.

எங்க தோட்டத்துப் பிள்ளை மடுவம் போதாதா?

அங்கே பயிற்சி பெற்ற பொறுப்பாளர் இருந்து, பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை எல்லாம் நடந்தால் போதும். சும்மா படுக்க வைத்து எழுப்பி அனுப்பினால் போதாது. அப்படியானால் தாய்மார் ஒன்று சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடமும் பொறுப்பாளரிடமும் பேசுங்கள். கல்லும் விதையும் காலி டப்பாவும் வைத்தே எண்ணவும் பிரிக்கவும் பழக்கலாம். விலை கொடுத்து வாங்கும் சாமான்தான் வேண்டும் என்றில்லை.

செலவு எவ்வளவு வரும்?

மாதக் காசை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சேர்க்கும் காசு, யூனிபோம், கலை விழா உடுப்பு, சுற்றுலா, வேன் காசு எல்லாவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சம்பளத் திகதிக்குப் பிறகு கட்டலாமா என்றும் கேளுங்கள். கடன் வாங்கிச் சேர்த்து, மூன்றாம் மாதம் நிறுத்துவது பிள்ளைக்குத்தான் கஷ்டம். வேனில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன பத்திரங்கள் வேண்டும்?

பிறப்புச் சான்றிதழும் கிளினிக்கில் கொடுத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் வேண்டும். இன்னும் பிறப்பைப் பதியாதவர்கள் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மூன்று மாதம் கடந்துவிட்டாலும் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவு செய்யலாம். முன்பள்ளிக்கு மட்டுமல்ல, பாடசாலைக்கும் பிறகு அடையாள அட்டைக்கும் இந்தப் பத்திரம்தான் ஆதாரம்.

அழுதா என்ன செய்றது?

முதல் கிழமை அழத்தான் செய்யும். சொல்லாமல் ஒளிந்து ஓடாதீர்கள். "அம்மா கொழுந்து நிறுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். ஒரு மாதம் கழிந்தும் பிள்ளை போகப் பயந்தால், அங்கே அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. சின்னதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மூத்த பெண் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்துகிற வீடுகள் இன்னும் உண்டு. சின்னவன் பிள்ளை மடுவத்திலோ முன்பள்ளியிலோ இருந்தால் அக்காவும் பாடசாலைக்குப் போகலாம். எங்கே சேர்ப்பது என்பதை உங்கள் வசதிப்படி முடிவு செய்யுங்கள். ஆனால் எங்காவது சேர்த்துவிடுங்கள். இரண்டு பிள்ளைகளின் படிப்பு அதில் தங்கியிருக்கிறது.