பொய்முனையும் மெய்விளக்கும்

ஆப்பிரிக்காவின் கொம்பு என்று வரைபடத்தில் பார்க்கிறோமே, அதன் கூரான நுனிதான் சோமாலியாவின் கார்டாஃபுய் முனை. உள்ளூர்ப் பெயர் ராஸ் அசேர். இந்தியப் பெருங்கடலில் தெற்கிலிருந்து வரும் கப்பல் இந்த நுனியைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் ஏடன் வளைகுடா. தாண்டுமுன் திரும்பினால் தரைதட்ட வேண்டியதுதான்.

அப்படித் திரும்பவைக்க அங்கே ஒரு பொறியும் உண்டு. முனைக்குச் சற்றுத் தெற்கே, ஏறக்குறைய அதே சாயலில் இன்னொரு பாறைமுகடு கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாலுமிகள் அதைப் பொய்முனை என்றார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழும்பி, கரையோரம் மூட்டம் போடும். மூட்டத்தில் பொய்முனையை மெய்யென்று நம்பித் திரும்பிய கப்பல்கள் தாழ்வான கரையில் மோதின. 1877இல் இந்தக் கடற்கரையில் உடைந்த மேகாங் என்ற பிரெஞ்சுக் கப்பலோடு வியட்நாமின் பழைய சம்பா அரசுக்காலச் சிற்பங்களும் மூழ்கின. 1995இல்தான் அவற்றை வெளியே எடுத்தார்கள்.

பொய்யையும் மெய்யையும் பிரித்துக் காட்ட இங்கே ஒரு கலங்கரை விளக்கம் தேவைப்பட்டது. கலங்கரை விளக்கம் வெறும் வெளிச்சமல்ல, ஒரு முகவரி. சாதாரண விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறி, வானத்துக்கும் தரைக்கும் போய் வீணாகும். பிரான்ஸின் இயற்பியலாளர் ஃபிரெனெல் விளக்கைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, ஒளியைக் கடல்மட்டத்துக்கு இணையான கற்றையாக்கினார். 1823இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அந்த அமைப்பு முதலில் ஒளிர்ந்தது. கண்ணாடிக் கூடு சுழலும்போது கடலிலிருப்பவருக்கு ஒளி விட்டுவிட்டுத் தெரியும். எத்தனை நொடிக்கு ஒரு வீச்சு என்று எண்ணினால், எந்த விளக்கம் என்று தெரிந்துவிடும். உயரமும் முக்கியம். பூமி வளைந்திருப்பதால், 100 மீட்டர் உயரத்து விளக்கு கடல்மட்டத்தில் இருப்பவர் கண்ணுக்குச் சுமார் 38 கிலோமீட்டர் வரைதான் எட்டும்.

சூயஸ் கால்வாய் 1869இல் திறந்து போக்குவரத்து பெருகியும், கார்டாஃபுயில் விளக்கு ஏற்றப்பட 1924 ஆனது. அப்போது சோமாலியாவில் காலனி வைத்திருந்த இத்தாலியர்கள் முதலில் இரும்புச் சட்டக் கோபுரம் எழுப்பி, தங்கள் முன்னாள் பிரதமர் பிரான்செஸ்கோ கிறிஸ்பியின் பெயரை வைத்தார்கள். 1930இல் அதற்குப் பதில் கல் கோபுரம் வந்தது. கழிக்கட்டில் கோடரி செருகிய பழைய ரோமானிய அதிகாரச் சின்னத்தை முசோலினியின் கட்சி தனதாக்கிக்கொண்டிருந்த காலம் அது. கோபுரத்தையும் அதே வடிவில், கல்லில் செதுக்கிய கோடரி அலகோடு கட்டினார்கள்.

1957இல் அது கைவிடப்பட்டது. முனையின் மேட்டில், கோடரியோடு, கோபுரம் இன்றும் நிற்கிறது. உச்சியில் விளக்கு எரிவதில்லை.