அடுப்பு நம் வீட்டில், அதிகாரம் டில்லியில்!



அடுப்பு எரிவதற்கும் அரசியல் சட்டத்துக்கும் என்ன உறவு, சோற்றுக்கு வழி கேட்டால் சட்டப் பிரிவு பேசுகிறார்களே என்று நம்மைக் கேலி செய்வோர் இருக்கிறார்கள். செய்யட்டும். ஆலைத் தொழிலாளியின் வீட்டிலே உலை கொதிக்க என்ன விலை என்பதைத் தீர்மானிக்கும் இடம் எது என்று பார்த்தால், உறவு தானே விளங்கும்.

சிலிண்டரிலே வரும் சமையல் வாயுவை முதலில் எடுத்துக் கொள்வோம். நாட்டின் தேவையிலே பாதிக்கு மேல் கப்பலேறி வெளிநாட்டிலிருந்து வருகிறது. சென்னையிலே வீட்டுச் சிலிண்டரின் விலை 2023 மார்ச்சில் 1,100 ரூபாயைத் தாண்டி நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாய் குறைந்தது. 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தல் வாசலிலே வந்து நின்றபோது, மேலும் 100 ரூபாய் குறைந்தது. தேர்தல் முடிந்தது, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறிற்று! ஏறியபோதோ இறங்கியபோதோ தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. 2006-ல் அமைந்த கழக ஆட்சி ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கிற்று. அடுப்பைத் தர மாநிலத்தால் முடிந்தது. அதிலே எரியும் வாயுவின் விலையைத் தொட முடியவில்லை.

அடுத்து, குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு. சிலிண்டர் தூக்க வேண்டாம். தீர்ந்துவிட்டதே என்று திண்டாட வேண்டாம். மீட்டர் ஓடிய அளவுக்குக் காசு. நல்ல வசதிதான், வரவேற்கிறோம். எண்ணூரிலே 2019-ல் திறக்கப்பட்ட முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாள வல்லது. ஆனால், எந்த ஊருக்கு யார் குழாய் போடுவது என்பதை முடிவு செய்வது யார்? 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். தலைவரையும் சேர்த்து ஐந்து பேர். ஐவரையும் அமர்த்துவது மத்திய அரசு! அந்த வாரியம் 2018-ல் நடத்திய ஒன்பதாம் சுற்று ஏலத்திலே சென்னை, கோவை, சேலம் எல்லாம் போயின. ஏலம் எடுத்த நிறுவனத்துக்கு அப்பகுதியிலே குழாய் பதிக்க 25 ஆண்டுத் தனியுரிமை. தோண்டப்படுவது நம் தெரு. வாரியத்திலே நமக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

சட்டம் அப்படித்தானே என்பார்கள். சட்டத்தையே புரட்டிப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலே 25-ஆவது இனம் என்ன சொல்கிறது? ‘எரிவாயு, எரிவாயு நிலையங்கள்’ என்கிறது. மேற்கு வங்கச் சட்டமன்றம் 1960-ல், கல்கத்தா நகருக்கு எரிவாயு வழங்கிவந்த ஓரியண்டல் கேஸ் கம்பெனியின் நிர்வாகத்தை ஐந்தாண்டுக்கு ஏற்கச் சட்டம் செய்தது. வழக்குப் போட்டார்கள். 1962-ல் உச்சநீதிமன்றம், இது மாநிலத்தின் அதிகாரமே என்று தீர்ப்பளித்தது.

அந்த அதிகாரம் பிறகு என்னாயிற்று? குஜராத் சட்டமன்றம் 2001-ல் எரிவாயு வழங்கலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. 2004 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இயற்கை எரிவாயு பெட்ரோலியப் பொருள், அது மத்தியப் பட்டியலின் 53-ஆவது இனத்தைச் சேர்ந்தது, மாநிலத்துக்கு அதில் அதிகாரமில்லை என்றது. மாநிலத்துக்கு மிஞ்சியது தயாரித்தெடுக்கும் வாயு மட்டும். நிலக்கரியிலிருந்து வாயு காய்ச்சித் தெருவிளக்கு ஏற்றிய காலம் மலையேறிவிட்டது. காலம் போன சரக்கு மாநிலத்துக்கு. காசு கொழிக்கும் சரக்கு டில்லிக்கு!

நாட்டின் வளம் எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். இருக்கட்டும். பகிர்ந்து கொள்வதை நாம் எதிர்க்கவில்லை. பங்காளியைக் கூப்பிடாமலே பாகம் பிரிப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

காவிரிப் படுகையைப் பாருங்கள். அந்த மண்ணிலிருந்து எடுத்த வாயுவைக் கொண்டு திருவாரூர் மாவட்டத்துத் திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் நம் மின்வாரியம் மின்நிலையங்களை அமைத்தது. ராயல்டி என்று ஒரு பங்கு மாநிலத்துக்கு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வாயுவின் விலை? 2023 ஏப்ரலில் மத்திய அரசு வகுத்த முறைப்படி, கச்சா எண்ணெய் விலையிலே பத்து சதவீதம், அதுவும் டாலர் கணக்கு! நம் வயற்காட்டுக்கு அடியிலே கிடந்ததற்கு அந்நிய நாணயத்திலே விலை! 2017-ல் நெடுவாசல் விவசாயிகள் ஏர் பிடித்த கையிலே கொடி பிடித்தார்களே, ஏன்? தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவு தங்களைக் கேளாமல் எடுக்கப்பட்டதால்தான். டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டமன்றம் 2020-ல் தனிச் சட்டமே செய்ய நேர்ந்தது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒழுங்குமுறை வாரியத்திலே மாநிலங்களுக்கு இடம் வேண்டும். மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமல் விளைநிலத்திலே கிணறு தோண்டக் கூடாது. அடுக்குமாடி வளாகங்களோடு நின்றுவிடாமல், தொழிலாளர் குடியிருப்புக்கும் ஒண்டுக் குடித்தனத்துக்கும் குழாய் வர வேண்டும். வாடகைக்கு இருப்பவனுக்கும் இணைப்பு, முன்பணத்துக்குத் தவணை என்பது ஏலத்தின் நிபந்தனையாக வேண்டும்.

டில்லியைக் கேட்கும் நாம், நம் கையிலே இருப்பதையும் பார்க்க வேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இயற்கை எரிவாயு அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதன்மீது விற்பனை வரி போடும் உரிமை மாநிலத்திடம் தங்கிற்று. மிஞ்சிய அந்த உரிமையை விட்டுக் கொடுக்கவும் கூடாது. ஏழையின் சமையற்கட்டிலே அதன் சுமையை ஏற்றவும் கூடாது. கோட்டையிலே யார் அமர்ந்தாலும் இதைச் சொல்வோம்.

தெருமுனைக் கூட்டத்திலே, படிப்பகத்திலே, ஆலை வாயிலிலே இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். மாநில சுயாட்சி என்பது படித்தவர்கள் பேசும் மேடைப் பேச்சு என்று எண்ணியிருப்பவரிடம் சிலிண்டர் ரசீதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலே அச்சான தொகையைத் தீர்மானித்ததிலே அவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்றத்துக்குப் பங்கில்லை என்பதை விளக்குங்கள். விளங்கிக் கொண்டவன் நம்மோடு வருவான்.