துக்கத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு துணை

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால், அந்தத் தெருவிலேயே டீவி சத்தம் அடங்கிவிடும். பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை அந்த வீட்டில் ரேடியோவைத் தொடமாட்டார்கள். 'துக்க வீட்டில் பாட்டு என்ன வேண்டியிருக்கிறது?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் அதே வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு, ராகம் போட்டு ஒப்பாரி வைப்பார்கள். அதுவும் பாட்டுதான். கொண்டாட்டப் பாட்டைத் தள்ளிவைத்த ஊர், துக்கத்துக்கென்றே தனியாக ஒரு பாட்டை வைத்திருந்தது.

இன்று ஒப்பாரி பாடத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். இழவு, காதல் முறிவு, கடன், விளைச்சல் பொய்த்தது, பரீட்சையில் தோற்றது என்று எந்த வேதனையானாலும், இளையவர்கள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு இருட்டில் தனியாகப் படுத்துவிடுகிறார்கள். பாட்டு கையில் இருக்கிறது, கூட இருந்த ஆட்களைத்தான் காணோம். மனம் நொந்த நேரத்தில் இசை எப்படி உதவுகிறது, எப்போது உதவாது, யாரோடு சேர்ந்தால் மருந்தாகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

ஒப்பாரி செய்த வேலை

ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பது தவறு. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் இழுவையில் சேர்ந்துகொள்வார்கள். செத்தவரின் பெருமை, அவர் விட்டுப்போன குறை, சொல்லாமல் போன கோபம், இனி என்ன செய்வேன் என்ற பயம், எல்லாமே அந்த ராகத்துக்குள் வந்துவிடும். சாதாரணப் பேச்சில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, ஒப்பாரியில் ஊரே கேட்கச் சொல்லலாம். யாரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள்.

இன்றைய மனநல ஆலோசகர்கள் வலியுறுத்தும் மூன்று விஷயங்கள் இதில் உண்டு. துக்கத்தை வார்த்தையாக்குவது முதலாவது. அதை மற்றவர் முன்னால் வைப்பது இரண்டாவது. அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கி, பிறகு எழுந்து குளித்து, அடுத்த வேலையைப் பார்ப்பது மூன்றாவது. ஒப்பாரிக்குத் தொடக்கம் இருந்தது போலவே முடிவும் இருந்தது.

இதில் ஆண்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பந்தல் போடவும் ஆளுக்குச் சொல்லிவிடவும் கொட்டுக்காரரை அழைக்கவும் ஓடுவதிலேயே அவர்கள் பொழுது போய்விடும். ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற பேச்சு, அவர்களுடைய துக்கத்தைக் குடியிலும் கோபத்திலும் கொண்டுபோய் விடுகிறது. தனக்குப் பிடித்த பழைய பாட்டைக் கேட்டுக் கண் கலங்கும் அப்பாவைக் கேலி செய்யாமல் பக்கத்தில் உட்காருங்கள். அந்த அழுகை அவருக்குத் தேவை.

வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர்

நெல்லைச் சீமையின் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு இல்லாமல் இராது. வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று ஒரு குழுவே உட்கார்ந்து விடிய விடியக் கதை பாடும். அந்தக் கதைகளில் பல, அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களும் அகாலமாகச் செத்தவர்களும் தெய்வமான கதைகள். வருஷம் தோறும் ஊர் கூடி உட்கார்ந்து, முன்பு நடந்த ஒரு கொடுமையை மறுபடி கேட்டு அழுது, சாமிக்குப் படைத்துவிட்டு வீடு திரும்பும்.

அந்த மேடையில் கவனிக்க வேண்டியவர் இன்னொருவர் உண்டு. பாட்டுக்காரர் ஒரு வரியைச் சொன்னதும், பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். அவர் புதிதாக எதையும் சொல்வதில்லை, அறிவுரையும் தருவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் கதை நகராது. மனம் உடைந்தவருக்குத் தேவைப்படுவதும் இப்படி ஒருவர்தான். பாட்டு துக்கத்துக்கு வாய் தருகிறது. அதைக் கேட்டு 'ஆமா' சொல்ல ஒரு காது இருந்தால்தான் ஆறுதல் முழுமையாகும்.

உடம்பில் நடப்பது என்ன?

மெதுவான தாளத்தில் உள்ள இசையைக் கேட்கும்போது மூச்சும் அதை ஒட்டி மெதுவாகிறது. 2006-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு, தாளத்தின் வேகம் கூடக் கூட மூச்சும் இரத்த அழுத்தமும் உயர்வதைக் காட்டியது. இடையில் விட்ட இரண்டு நிமிட மௌனத்தில் அவை ஆரம்ப நிலைக்கும் கீழே இறங்கின. பாட்டு முடிந்ததும் உடனே அடுத்ததைப் போடாமல் சற்றுச் சும்மா இருப்பதிலும் பலன் உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது.

பாடும்போது நன்மை இன்னும் கூடுகிறது. ஒரு வரியைப் பாடி முடிக்க மூச்சை நீளமாக வெளியே விட வேண்டியிருக்கிறது. நீண்ட வெளிமூச்சு, மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி, இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பதற்றத்தில் நெஞ்சு படபடக்கும்போது முணுமுணுப்பாகவாவது பாடுவது நல்லது.

2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனதைத் தொடும் இசையைக் கேட்கையில் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் சுரப்பதைப் படம் எடுத்துக் காட்டினார்கள். பாட்டில் பிடித்த இடம் வரும்போது மட்டும் இல்லாமல், அது வரப்போகிறது என்று மனம் காத்திருக்கும்போதே அது சுரக்கிறது. எதிலும் நாட்டம் இல்லாமல் கிடக்கும் மனதுக்கு, ஒரு சின்ன எதிர்பார்ப்பே பெரிய உதவி.

சோகப் பாட்டைக் கேட்கலாமா?

கேட்கலாம். 2014-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 700-க்கும் மேற்பட்டவர்களிடம் சோக இசையைப் பற்றிக் கேட்டார்கள். அது வெறும் வருத்தத்தைத் தருவதில்லை, பழைய நினைவின் இதத்தையும் ஆறுதலையும் தருகிறது என்பதே பலருடைய பதில். மனம் பாரமாக இருக்கும்போது துள்ளல் பாட்டு எரிச்சலூட்டும். நம் வேதனையை ஒத்த பாட்டைக் கேட்டால், இன்னொரு மனிதரும் இதைப் பட்டிருக்கிறார் என்ற தெம்பு வரும்.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைகிற பழக்கம் உள்ளவர்களுக்கு, சோகப் பாட்டு அந்தச் சுழலை இன்னும் ஆழமாக்கக்கூடும். ஒரே பாட்டை இரவு முழுக்க ஓட விட்டுப் படுத்திருப்பது ஆறுதல் ஆகாது. கேட்ட பிறகு மனம் கொஞ்சம் இளகியிருந்தால் அந்தப் பாட்டு உங்களுக்கு நல்லது. முன்பைவிடக் கனத்திருந்தால் அதைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள்.

கேட்கும் முறை

- முதலில் உங்கள் மனநிலையை ஒத்த ஒரு பாட்டு, பிறகு அதைவிடச் சற்று இலேசான ஒன்று, கடைசியில் கூடவே பாடத் தோன்றும் ஒன்று என்று வரிசைப்படுத்துங்கள். மனம் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி மெல்ல நகர்த்தும் இந்த முறையை, 1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் முன்வைத்தார். இசைச் சிகிச்சையில் இன்றும் இது கையாளப்படுகிறது.
- மனம் நன்றாக இருக்கும் நாளிலேயே ஐந்தாறு பாட்டுகளைத் தேர்ந்து செல்போனில் தனியாக வையுங்கள். நொந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.
- மறைந்தவருக்குப் பிடித்த பாட்டை முதல் தடவை தனியாகக் கேட்காதீர்கள். அவரை அறிந்த ஒருவரோடு சேர்ந்து கேட்டு, அவரைப் பற்றிப் பேசுங்கள்.
- சொற்கள் தாங்க முடியாமல் இருந்தால் சொல்லில்லாத இசைக்குப் போங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் இந்த மண்ணுக்கு மிக நெருக்கமானது.
- இரவில் இயர்போனோடு தூங்காதீர்கள். பெரியவர்கள் 80 டெசிபல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு.
- குடித்துக்கொண்டு சோகப் பாட்டு கேட்பதைத் தவிருங்கள். மது மனச்சோர்வைக் கூட்டும், நிதானத்தைக் குறைக்கும்.

நடக்க வைக்கும் பாட்டு

மனச்சோர்வு ஆளைப் படுக்கையில் தள்ளும். அதற்கு எதிரான எளிய வழிகளில் ஒன்று நடை. இந்த வட்டாரம் நடைக்கென்றே ஓர் இசையைப் பெற்றெடுத்திருக்கிறது. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், 19-ஆம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மேல் காவடிச் சிந்து பாடினார். முப்பது வயதுக்கு முன்பே அவர் காலமானாலும், காவடி தூக்கி நடந்தவர்களின் காலோடு அந்தச் சந்தம் ஒட்டிக்கொண்டது. தோளில் பாரம் இருந்தாலும் சந்தத்தின் போக்கில் கால் தானே எட்டு வைக்கும்.

பக்தி உள்ளவர்கள் சிந்து கேட்டு நடக்கலாம், மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த தாளத்தைப் போட்டுக்கொள்ளலாம். காலை வெயில் ஏறுமுன் ஊருக்கு வெளியே இருபது நிமிடம், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு நடப்பது உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்துச் செய்யும் வைத்தியம். ரோட்டோரம் நடக்கும்போது இயர்போன் வேண்டாம், வண்டிச் சத்தம் காதில் விழ வேண்டும்.

பாட்டு மட்டும் போதாத நேரம்

தென்காசிக்குப் பக்கத்திலுள்ள சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சாவூரில் பெயர் பெற்ற சித்த மருத்துவர். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் இசை நூலை வெளியிட்டவரும் அவர்தான். மருந்து, இசை இரண்டையும் அவர் கைவிடவில்லை. நாமும் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடக் கூடாது.

மனச்சோர்வு நோய்க்கு இசைச் சிகிச்சை பலன் தருமா என்று ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 421 பேரின் அனுபவத்தை, காக்ரேன் அமைப்பு 2017-இல் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தபோது, குறுகிய காலத்தில் நோயின் கடுமை மேலும் குறைந்தது. பயிற்சி பெற்ற நிபுணர் நடத்தும் அந்தச் சிகிச்சையும் நாம் வீட்டில் பாட்டு கேட்பதும் ஒன்றல்ல. அங்கேகூட இசை சிகிச்சைக்குத் துணையாகத்தான் வந்தது.

கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்: பெரும்பாலான நேரம் சோர்வு அல்லது எதிலும் நாட்டமின்மை, தூக்கம் கெடுதல், பசி போதல், வேலை செய்ய முடியாமை, 'என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை' என்ற எண்ணம். நம் ஊரில் பலருக்கு இது தலைவலி, உடம்பு வலி, நெஞ்சுப் படபடப்பு என்றே வெளிப்படும். நெருங்கியவரை இழந்த துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்வை முடக்கினால் அதற்கும் உதவி தேவை.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே உதவி தேட வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையையும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். விவசாய வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் கையில் கொடுத்து வையுங்கள். சாகும் எண்ணம் உச்சத்தில் இருக்கும் ஆபத்தான சில நிமிடங்களைக் கடந்துவிட்டால் பல உயிர்கள் தப்பும்.

கூட இருப்பவர்களுக்கு

துக்கத்தில் இருப்பவரிடம் 'அழாதே', 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்வதை நிறுத்துங்கள். பாட்டை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்காதீர்கள். நேரில் போய், 'அண்ணாச்சி, அவுகளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?' என்று கேளுங்கள். சேர்ந்து கேளுங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் காது கொடுங்கள், பேசாவிட்டால் சும்மா கூட இருங்கள். பதினாறாம் நாளோடு வருகையை நிறுத்திவிடாமல் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போய்ப் பாருங்கள். உறவுக் கூட்டம் கலைந்த பிறகுதான் பல வீடுகளில் துக்கம் கனக்கிறது.

ஒப்பாரியில் தோளைப் பற்றியவர்களுக்கும் வில்லுப்பாட்டில் 'ஆமா' போட்டவர்களுக்கும் மருத்துவப் படிப்பு எதுவும் இருக்கவில்லை. நொந்தவரைத் தனியே விடக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. உங்கள் தெருவில் இப்போது யார் தனியாக இருக்கிறார்கள் என்று யோசித்து, இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள்.