ஆசிரியரின் சோர்வும் ஆயரின் பொறுப்பும்

சோர்ந்துபோன பள்ளி ஆசிரியர் ஒருவர் நம்மை நாடி வரும்போது, பொறுமையைக் குறித்து நான்கு வார்த்தை பேசி, ஜெபித்து அனுப்பிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். இவ்வழக்கத்தினால், பணிச்சூழலின் குறை தனிமனிதரின் விசுவாசக் குறைவாக மாறிவிடுகிறது.

பிறருக்குப் பணிசெய்வோரிடம் தோன்றும் இத்தளர்ச்சியை 1974இல் அமெரிக்க உளவியலார் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் ஆராய்ந்து எழுதினார். ஆற்றல் வற்றிப்போதல், ஊழியம் பெறுவோரிடமிருந்து மனம் விலகுதல், தம் உழைப்பால் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள் எனக் கிறிஸ்டினா மாஸ்லாக் பின்னர் விளக்கினார். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற வகைப்பாடு இதனை நோயென்று கொள்ளாமல், பணியிடம் சார்ந்த நிலை என்றே குறிக்கிறது. அப்படியாயின் ஆசிரியரை மட்டுமன்று, பள்ளியையும் நாம் ஆராய வேண்டும். (நீடித்த மனச்சோர்வுக்கு மருத்துவரின் உதவி தேவை என்பதை நாம் மறுக்கவில்லை.)

ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்தும் தொடக்கப்பள்ளிகள் நம் சிற்றூர்களில் உள்ளன. ஒருவர் விடுப்பெடுத்தால் மற்றவரே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். வேறு பள்ளிகளில், அரசு மானியத்தில் ஊதியம் பெறுபவரும் நிர்வாகம் தரும் சிறுதொகையைப் பெறுபவரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றனர். பதிவேடுகளும் கணினிப் பதிவுகளும் கற்பிக்கும் நேரத்தை விழுங்குகின்றன.

இவற்றினும் நம்மை உறுத்த வேண்டியது வேறொன்று. பல இடங்களில் ஆயரே பள்ளியின் தாளாளர். ஞாயிறன்று திருவிருந்து வழங்கும் கையே திங்களன்று விளக்கம் கோரும் குறிப்பாணையில் கையொப்பமிடுகிறது. திருமண்டலத் தேர்தலில் தாம் யாரை ஆதரித்தோம் என்பதைக்கொண்டே தம் இடமாற்றம் முடிவாகும் என அஞ்சும் ஆசிரியர், தம் மனப்பாரத்தை எந்த ஆயரிடம் இறக்கி வைப்பார்?

சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்கு முதலில் கிடைத்தது உபதேசமன்று. உறக்கமும் அடையும் தண்ணீருமே (1 இராஜாக்கள் 19). எத்திரோவும் மோசேயின் பக்தியைச் சோதிக்கவில்லை. வேலையைப் பகிர்ந்தளிக்கவே சொன்னார் (யாத்திராகமம் 18).

ஆகவே, தாளாளராயிருக்கும் நாம் செய்யத்தக்க ஆலோசனை ஊழியம் அலுவலக மேசையிலேயே தொடங்குகிறது. இடமாற்றத்திற்கு எல்லாரும் அறிந்த எழுத்து விதி வேண்டும். மானியமற்ற ஆசிரியரின் ஊதியம் தவணை தவறாமல் சேர வேண்டும். அவர்களின் மனக்குறையைக் கேட்கும் பொறுப்பையோ, பள்ளி நிர்வாகத்தில் எவ்விதப் பங்குமில்லாத வேறோர் ஆயரிடம் ஒப்படைப்பதே முறை.