நெருப்பு வளர்த்த புல்

டார்னீட், மெல்டன் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும் காய்ந்த புல் வெறும் காலி நிலம்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு ஏப்ரல் சனிக்கிழமை அங்கே புகை. தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நிற்கிறது, யாரும் அணைக்கவில்லை. "அப்பா, அவங்களேவா கொளுத்துறாங்க?" என்றாள் மகள். ஆமாம், அவங்களேதான்.

மெல்பர்னுக்கு மேற்கே உள்ள எரிமலைச் சமவெளியை வுருஞ்ஜெரி, பூனுரோங், வாதவுரோங் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கொளுத்தி வந்தார்கள். கண்டபடி அல்ல, நேரம் பார்த்து, துண்டு துண்டாக. இங்குள்ள கங்காரு புல்லைச் சும்மா விட்டால் காய்ந்த தாள் மேலே மேலே படிந்து வெயிலை மறைக்கும். பத்துப் பதினோரு வருஷத்தில் புல் தன் குப்பையிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். எரித்தால் நடுவில் இடம் கிடைக்கும். அந்த இடத்தில்தான் முர்னாங் செழிக்கும்: மேலே மஞ்சள் பூ, கீழே கிழங்கு. பெண்கள் கம்பால் தோண்டியெடுத்த அந்தக் கிழங்குதான் அவர்களுக்கு முக்கியமான சாப்பாடு. புதுத் துளிரைத் தேடிக் கங்காருவும் வரும், வேட்டையும் ஆச்சு.

1835-க்குப் பிறகு ஆடுகள் வந்தன, கிழங்கை வேரோடு தின்றன. கொளுத்தியவர்களும் விரட்டப்பட்டார்கள்.

தீ நின்றால் என்ன ஆகும் என்பதை சிட்னிப் பக்கம் பார்த்தவர் நில அளவையாளர் தாமஸ் மிட்செல். முன்பு குதிரையில் தடையில்லாமல் போன திறந்த வனத்தில் இளமரங்கள் அடைத்துக்கொண்டன என்று 1848-இலேயே எழுதிவிட்டார். நம்ம நீலகிரியிலும் தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் புல்வெளியைக் கொளுத்துவார்கள், வனத்துறை தடுத்தது. இப்போது அந்தப் புல்வெளிகளை மூடிக்கொண்டிருப்பது இங்கிருந்து கொண்டுபோய் நட்ட வாட்டில் மரம். ஊட்டிக்காரர்கள் சீகை என்பார்கள்.

மெல்பர்னில் மிச்சமிருந்த நல்ல புல்வெளிகளில் பல, ரயில் பாதை ஓரங்களில் இருந்தவை. ரயில்வேக்காரர்கள் ஓரங்களை அடிக்கடி எரித்தார்கள். தெரியாமலேயே பழைய வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்!

2008-இல் மத்திய அரசு இந்தப் புல்வெளியை அழியும் தறுவாயில் உள்ளது என்று பட்டியலிட்டது. மேற்கே 15,000 ஹெக்டேர் வாங்கிக் காப்போம் என்றது மாநில அரசு. 2020-இல் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது வாங்கியிருந்தது சுமார் 10 சதவீதம். அந்த நிலத்துக்கான பணம், புறநகரில் புதிதாக மனை போடுபவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. அப்படியென்றால் நம் வீட்டு விலையிலும் அது கொஞ்சம் இருக்கும், இல்லையா?

அக்டோபரில் பசங்களை செயின்ட் ஆல்பன்ஸில் உள்ள ஐராமூ புல்வெளிக்குக் கூட்டிப் போங்க. பூக்கள் சின்னவை, குனிந்துதான் பார்க்கணும்.