கூட்டாளியின் வாக்குமூலம் மட்டும் போதுமா?

ஒரே குற்றத்துக்காக இருவர் ஒன்றாக விசாரிக்கப்படுகிறார்கள். ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலம் மற்றவரையும் மாட்டிவிடுகிறது. அந்த மற்றவருக்கு எதிராக வேறு சான்றே இல்லை. அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கலாமா?

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், அத்தகைய வாக்குமூலத்தை நீதிமன்றம் ‘கருத்தில் கொள்ளலாம்’ என்றது. அந்த வாசகமே சிங்கப்பூர்ச் சட்டத்திலும் இடம்பெற்றது. பொருள் கொள்வதில்தான் இரு நாடுகளும் பிரிந்தன. அது பிற சான்றுகளுக்குத் துணை நிற்கலாமே தவிர தனித்து நிற்காது என்று 1952இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1993இல், வாக்குமூலம் வலுவாக இருந்தால் அது ஒன்றே போதும் என்றது. இந்தியப் பார்வையே எனக்கு நியாயமாகப் படுகிறது. வாக்குமூலம் தந்தவர் சாட்சிக் கூண்டில் ஏறாவிட்டால், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியே இல்லையே!

குற்றப் பதிவு உள்ளவருக்கு இதில் இழப்பு இன்னும் அதிகம். 30 வயதை எட்டிய, மீண்டும் மீண்டும் தண்டனை பெற்ற ஒருவருக்கு 7 முதல் 20 ஆண்டுவரை தடுப்புக் காவல் விதிக்கப்படலாம் (விசாரணையின்றி அடைத்துவைக்கும் காவல் அல்ல இது). ஆகவே எத்தனை ஆண்டு என்று வாதாடுமுன், அந்த வாக்குமூலம் எப்படிப் பெறப்பட்டது என்பதையே வழக்கறிஞர் முதலில் கிளற வேண்டியிருக்கும்.